நபர் 7

மூன்றாம் செமஸ்டரில் விழுந்த பேப்பர் அது.
மனிதப் பரிணாமமும் சூழலியலும்.
முப்பத்தொன்று.
மண்டையோடுகளின் பெயர்களை
பாம்பனில் பஸ் ஏறும்போது தொடங்கி
உச்சிப்புளி தாண்டும்வரை
உதட்டுக்குள் உருட்டியும் ஒட்டவில்லை.
லேபில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டர் தாடை,
அதுவும் உடைந்து, பெவிகால் போட்டது.
யாருடைய தாடையென்று சாருக்கே நிச்சயமில்லை.

அடுத்த முறை செயல்திட்டமும் வந்தது, நாற்பது மதிப்பெண்ணுக்கு:
உங்கள் ஊரில் உடம்பைச் சூழல் எங்கே தொட்டிருக்கிறது?
வாலிநோக்கத்து ருஸ்தா
உப்பளத்தில் நிற்கும் பாதங்களை எடுத்துக்கொண்டாள்.
நான் மூச்சை எடுத்துக்கொண்டேன்.

சின்னப்பாலம். காலை ஆறு மணி. நல்ல வத்தம்.
ஆறு பெண்கள்.
புடவைக்கு மேல் ஆண்சட்டை, விரலுக்குத் துணிச்சுற்று,
காலுக்குத் தகரத்தட்டு, கண்ணை இறுக்கும் கண்ணாடி.
பாலிதீன் பைக்குள் என் செல்போன்:
முங்கும்போது ஒரு தொடல்,
தலை தெரியும்போது ஒரு தொடல்.
மரிக்கொழுந்துப் பாசி எத்தனை கிலோ,
இரண்டு முங்கலுக்கு நடுவே எத்தனை மூச்சு,
எல்லாம் எழுதினேன்.
ஐம்பத்தெட்டு நொடி. அறுபத்து மூன்று. ஐம்பத்து நான்கு.
கழுத்தளவுத் தண்ணீரில் எழுதியதால்
ஒன்றும் ஏழும் சில இடங்களில் ஒரே முகம்.

ஆறு பேர் போதாது என்றார் சார்.
இன்னொருத்தி கிடைக்கவில்லை.
நம்புத்தாய் சித்தியிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு
நானே முங்கினேன்.

நபர் 7. பெண். வயது 22.
முப்பத்தொரு நொடி.

வாய்மொழித் தேர்வுக்குத் திருச்சியிலிருந்து வந்தவர்
பேனா முனையை அந்த வரியில் வைத்தார்.
"இவர் மட்டும் ஏன் பாதி?
நோயா? மண்ணீரல் சின்னதா?"
மண்ணீரல் பற்றி நாலு பக்கம் படித்திருந்தேன்.
எங்கோ தூரத்துக் கடலில் முங்கிப் பிழைப்பவர்களுக்கு
அது பெரிதாயிருக்கிறதாம்.
வாயில் வந்தது வேறு:
"அவர் மூன்று வருடமாகக் காலேஜ் போகிறார், மேடம்."

அறை கொஞ்ச நேரம் முங்கிக் கிடந்தது.
பாறை கீறிய என் விரல் நுனிகளை
அப்போதுதான் அவர் பார்த்தார்.
"இது பரிணாமம் ஆகுமா?"
"ஆகாது மேடம். பழக்கம் விட்டது, அவ்வளவுதான்.
என்னிடம் நழுவியது என் மகளுக்கு நழுவாது.
அவள் முங்கினால் அவளுக்கு வரும்."
"இதை எழுதியிருக்கலாமே."
எழுதியிருந்தேன். பதினெட்டாம் பக்கம், கடைசிப் பத்தி.
புரட்டிப் படித்தார்.
மறுபடியும் படித்தார்.

எழுபத்தாறு.

எடை போடும் இடத்தில் அட்டவணையை வாசித்துக் காட்டினேன்.
பெயர்களை மறைத்திருக்கிறேன், யாருக்கும் தெரியாது என்றேன்.
"நபர் மூணு நாந்தானே?" என்றாள் சேதுக்கனி.
"அன்னைக்குக் காதடைச்சுக் கெடந்தேன், எழுதுனியா?"
எழுதவில்லை. அதற்குக் கட்டமே இல்லை.
"நபர் ரெண்டு பஞ்சவர்ணம். கள்ளி அவ.
நீ போனத் தொட்ட பொறவுதான் மூச்சையே இழுப்பா,
அந்தக் கணக்குலதான் மொதலாளு."
பஞ்சவர்ணம் ஈரத்துணியை உதறினாள், என் தாள்மேல் தெறிக்க.
சண்டை தராசுக்காரர்வரை போனது.

ஏழு யாரென்று எவரும் கேட்கவில்லை.
சித்தி மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டே,
"நாளைக்கும் வத்தந்தான். வந்து அதை நாப்பதாக்கு" என்றாள்.
மார்க் வந்தாச்சு சித்தி என்றேன்.
"மார்க்குக்கா சொன்னேன்."

மறுநாள் சான்றிதழ் வாங்க ராமநாதபுரம் போகவேண்டியிருந்தது. போனேன்.
பாலத்தில் பஸ் ஏறியதும் மூச்சைப் பிடித்து
எண்ணிப் பார்த்தேன், ஜன்னலோரம், யாருக்கும் தெரியாமல்.
பாலம் பாதிகூடத் தாண்டவில்லை.