ஒரு விரலளவு

வெள்ளிக்கிழமை மாதர் சங்கத்தில்
ஐந்து நிமிடம் பேசட்டாம்.
சுவிசேஷம் என்றால் என்ன?
துண்டுச் சீட்டில் எழுதித் தந்துவிட்டு
நவமணி அக்கா
ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டா.

நல்ல செய்தி என்று எழுதினேன். வெட்டினேன்.
செய்தி என்றால் எங்களுக்கு
ரேடியோவைக் குறைத்துவைத்துக் கேட்டது.
அதில் நல்லது வந்த நாள் ஞாபகமில்லை.

எனக்குத் தெரிந்தது கிண்ணங்கள்தான்.
அறுபத்துநாலு கண்ணாடிக் கிண்ணங்கள்,
பெருவிரல் உயரம்.
யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர்
காய்ந்தால் கண்ணாடியில் சுண்ணாம்பு படரும்.
தேசிக்காய்த் தோலால் தேய்த்துத் தேய்த்துப்
பதினெட்டு வருஷமாய்க் கழுவுகிறேன்.

முந்தி ஒரே கிண்ணம்தானாம். வெள்ளி.
சுகாதாரத்துக்காக மாற்றினோம் என்று
கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது.
சுகாதாரம் வந்த திகதியையும்
கீழைத்தெரு ஆட்கள் ஞானஸ்நானம் எடுத்த திகதியையும்
அருகருகே வைத்து ஒருவரும் வாசித்ததில்லை.
நான் வாசித்தேன்.
கொப்பியை மூடி, இருந்த இடத்தில் வைத்தேன்.

போன பெரிய வியாழன்
அலுமாரித் திறப்பு, மூப்பரின் காற்சட்டைப் பையில்
இரவு பஸ்ஸேறிக் கொழும்புக்குப் போய்விட்டது.
புதுப் போதகர் மலையகத்துப் பெடியன்.
எங்கள் ஒழுங்குகள் தெரியாதவர்,
அல்லது நன்றாய்த் தெரிந்தவர்.
பழந்துணி சுற்றிக் கிடந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துத்
துடைத்து நிரப்பினார்.
முன்வாங்கு எழும்பியது, வழக்கம்போல.
அவர் அதைக் கடந்து
நேரே கடைசி வாங்குக்கு நடந்தார்.

அங்கே கதிரன் சாமுவேல்.
எங்கள் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் குழி வெட்டியவர்,
எனக்கும் வெட்டப்போகிறவர்.
முதலாவதாய்க் குடித்துப் பழக்கமில்லை;
இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தார்.
கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நெளிவு.
அந்த நெளிவில் வாய் வைத்து,
மீசை நனையக் குடித்தார்.

பிறகு கிண்ணம் வாங்கு வாங்காய் முன்னுக்கு வந்தது.
மூன்று பேருக்கு அந்த நேரம் பார்த்து இருமல்.
ஒரு குடும்பத்துக்கு
வாசலில் நின்ற காரை உடனே பார்க்கவேண்டியிருந்தது.

என்னிடம் வந்தது.
சமத்துவம் என்ற தலைப்பில் பேசி
மாகாண மட்டத்தில் முதல் பரிசெடுத்தவள் நான்.
விளிம்பு ஈரமாய் மினுங்கியது.
ஒரு விரலளவு,
ஒரேயொரு விரலளவு
கிண்ணத்தைத் திருப்பினேன்.
ஒருவரும் காணவில்லை.
எனக்கு முன் குடித்தவர்களும் அப்படித்தான்
ஒருவரும் காணாமல் திருப்பியிருக்கவேண்டும்.
ஏனென்றால், குடிக்கக் குனிந்தபோது
என் உதட்டில் தட்டுப்பட்டது
அந்த நெளிவு.

விரல் விரலாய் விலகி
ஒரு முழுவட்டம்.

கிருபை என்று அதற்குப் பேர் வைக்கப் பயமாயிருக்கிறது.
நான் தேடிப் போகவில்லை.
விலகித்தான் போனேன்.
விலகிய இடத்தில் அது இருந்தது, ஈரத்தோடு.

அடுத்த கிழமை திறப்பு வந்துவிட்டது.
அறுபத்துநாலும் வெளியில் வந்தன. கழுவுகிறேன்.
நேற்றும் சாமுவேல் என்னைக் கண்டு
சைக்கிளால் இறங்கி நின்றார், மண்வெட்டியோடு.
"இறங்காதேங்கோ" என்று ஒரு சொல்.
தொண்டை வரைக்கும் வந்தது,
வாய்க்கு வரவில்லை.
"ரீச்சர், சுகமோ" என்றார்.
சுகம் என்றேன்.

துண்டுச் சீட்டு மேசையில் கிடக்கிறது.
ஐந்து நிமிடம் அதிகம்;
சொல்லத் துணிந்தால் ஒரு நிமிடம் போதும்.
இருமியவர்களில் ஒருத்தி நவமணி அக்கா.
அவதான் மணி அடிப்பா.

தேத்தண்ணி ஆறுகிறது.
கோப்பையை வாயருகே கொண்டுபோய்
விளிம்பை நாக்கால் தடவிப் பார்க்கிறேன்.
வழவழவென்று இருக்கிறது,
ஒரு நெளிவுமில்லாமல்.