மல்லாந்த சில்லு

ரீகாவில் பிப்ரவரி. குளியலறையில் மஞ்சள் பல்பு.
கதவுக்கு வெளியே துண்டோடு வால்திஸ்:
"இன்னும் எவ்வளவு நேரம்?"
"திறந்துவிடாதே. ஏழு நிமிஷம்."

புற ஊதா குடித்த பலகையைக்
காரநீரில் அசைக்கிறாள் ஜிந்த்ரா.
ஒளி பட்ட இடமெல்லாம்
ஊதாப் புகையாகக் கழன்று போகிறது.
படாத கோடுகள் அப்படியே.

பிறகு ஃபெரிக் குளோரைடு,
மீன் ஊறவைக்கும் தட்டில்.
சாய்த்து, நிமிர்த்தி, சாய்த்து
செம்பு தின்னப்படுவதைப் பார்த்திருக்கிறாள்.

கழுவித் தூக்கிப் பிடித்தால்
ஓரத்தில் அவள் பெயரின் முதலெழுத்து
முதுகு காட்டி நிற்கிறது.
ஃபிலிமைப் புரட்டி வைத்திருக்கிறாள்.

ஒரு கெட்ட வார்த்தை. ரஷ்ய மொழியில்.

"என்ன ஆச்சு?"
பதில் இல்லை.
எட்டுக்கால் சில்லை மல்லாத்தி
கால்களை மறுபக்கம் மடக்கி
ஒவ்வொன்றாகப் பற்றவைக்கிறாள்.

பச்சை எல்.இ.டி. எரிகிறது.

வால்திஸ் இன்னும் குளிக்கவில்லை.
தொட்டியில் துருநிறக் கறை.
அதை அவன் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.