ஆறு வரை எண்ணினேன்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கெட்டித்திருந்தது.
மேட்டுத் தெருவில் செங்கல் கட்டடம்.
ஆறு குடித்தனம் என்றது என் கோப்பு.

நிலவறையில் ஆறு சாம்பல் நிறப் பெட்டிகள்
ஒரே சுவரில், தோளோடு தோள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் எந்த வீடு என்று பொறித்த தகடு.
முன்னால் மூன்றடி வெற்றிடம்,
ஒரு சைக்கிள்கூட அங்கே சாயக் கூடாது.

சட்டத்தின் கணக்கு எளிது.
இருட்டில், புகையில் இறங்கி வருகிறவள்
ஓரிடத்தில் நின்று
மிஞ்சிப்போனால் ஆறு முறை கையை அசைப்பாள்.
ஆறும் இறங்கினால் வீடு ஆறும்.
ஏன் ஆறு, ஏன் ஐந்தில்லை என்று
பயிற்சி வகுப்பில் கேட்டேன்.
"எங்காவது நிறுத்த வேண்டாமா" என்றார்கள்.

நிறுத்தினேன்.

நான்கு வருடம் முன்பு, ஓர் அக்டோபரில்,
டார்ச் வெளிச்சத்தில் விரல் நீட்டி எண்ணினேன்.
ஆறு வந்ததும் பேனாவை எடுத்தேன்.
பக்கத்தில் பழைய கரி அறைக் கதவு,
அதை மறைத்து அடுக்கிய பனிக்காலக் கண்ணாடிச் சட்டங்கள்.
"உள்ளே வெறும் கரித்தூள்,
கோட்டு பாழாகிவிடும்" என்றார் வீட்டுக்காரர் ஹாவ்லிக்.
புதுக் கோட்டு. மணி நாலரை.
கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

அன்று இரவு பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
இரண்டாம் மாடிச் சமையலறையில் பிடித்தது சுவருக்குள் ஏறியது.
கேப்டன் பெவர்லி ஸ்ட்ராண்ட் நிலவறைக்குப் போய்
தடித்த கையுறையோடு ஒன்றொன்றாக இறக்கினாள்.
ஜன்னல்கள் ஒன்றொன்றாகக் கண் மூடின.
ஹோடானின் மீன்தொட்டி கடைசியாக.
"கரண்ட் இல்லை" என்று வயர்லெஸ்ஸில் சொன்னாள்.
மேலே ஒருவன் கோடரியை ஓங்கினான்.

தெருவிலிருந்து ஒரு பையன்தான் பார்த்தான்:
கூரைக்கு அடியில், சின்னஞ்சிறு ஜன்னலில்,
மஞ்சளாக,
ஒன்றும் நடக்காததுபோல் ஒரு விளக்கு.
அவன் கத்துவதற்குள் கோடரி இறங்கிவிட்டது.

பிழைத்தான். இரண்டு விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது.
கோடரியை எனக்குக் காட்டினார்கள்:
கூர்முனையில் அரைவட்டம் உருகிப்போய்
யாரோ கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி.

பிறகு மின் கம்பெனி ஆள் வந்து
நீளக் கழியால் கம்பத்தில் துண்டித்தான்.
சுவிட்சுக்கு முன்னால் வரும் கம்பிக்கு
வீட்டில் யாரும் எஜமான் இல்லை.
பரீட்சைக்குப் படித்த வரி.
அன்றுதான் புரிந்தது.

காலையில் கண்ணாடிச் சட்டங்களை நானே நகர்த்தினேன்.
கரி அறையில் ஏழாவது பெட்டி.
தெருக் கம்பியிலிருந்தே நேராகக் கிளை பிரிந்து,
தகடு இல்லாமல், பெயர் இல்லாமல்.
வேலை மட்டும் அத்தனை நறுவிசு:
வளைவுகள் ஒரே அளவு, திருகுகள் ஒரே திசை.
செய்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.
எனக்கும்தான்.

ஆறைத் தாண்டக் கூடாது என்றது விதி.
ஆறோடு எண்ணுவதை நிறுத்து என்று
எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஸ்ட்ராண்ட் என்னைத் திட்டவில்லை.
"நானும் ஆறு எண்ணினேன்" என்றாள்,
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்,
வண்டி ஏறிப் போனாள்.
திட்டியிருக்கலாம்.

பரண் வீட்டுக்காரன் லெய்ஃப் நோர்ட்கார்டு
விடிய விடியத் தெருவில் பனி தள்ளிவிட்டு
ஏழு மணிக்கு வந்தான்.
விளக்கு பூனைக்காக எரிந்ததாம்.
பூனை அவன் ஜாக்கெட்டுக்குள் இருந்தது, வால் மட்டும் வெளியே.
கதவில் சிவப்புச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன்.
பசை குளிரில் பிடிக்கவில்லை,
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.

சீட்டை இரண்டு முறை படித்தான்.
அந்த வீடு எந்தக் காகிதத்திலும் இல்லை என்பதை
எப்படிச் சொல்வது என்று
வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"கரண்ட் எப்போ வரும்?" என்று கேட்டான்.