ஒன்பது குழாய்

எஸ்டீமின் எஞ்சின் ஜிப்சிக்குள் இறங்கிவிட்டது.
எந்தக் குழாய் எங்கே என்கிற படம்
எஸ்டீமின் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்தது.
பானெட்டைப் போன மாதமே
கிலோ முப்பத்தெட்டுக்குத் தள்ளிவிட்டான் ஆவுடை.
டேப்பில் நம்பர் எழுதித்தான் ஒட்டினானாம்.
ஆயில் பட்டு
மூன்றெல்லாம் எட்டாகிக் கிடக்கிறது.

ஒன்றுமில்லாததைக் கொண்டுபோக
ஒன்பது குழாய்.
பெட்ரோல் இல்லை, தண்ணீர் இல்லை,
உள்ளே காலியாக இருப்பதே அதுகளின் சோலி.
அந்தக் காலியை நம்பித்தான்
பாபநாசம் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டும்.

ஒன்பதையும் மாட்டியாச்சு.
ரேஸ் ஏறுகிறது, இறங்குகிறது, இருமுகிறது.
எங்கோ ஒரு சீத்தல்.
ஆவுடை முக்கூடல் பீடியைப் பற்றவைத்து ஊதினான்.
“பெட்ரோல் பக்கத்துலயால, மூதி!”
திட்டிக்கொண்டே பார்த்தேன்.
புகை நேராகப் போனது,
தயங்கியது,
கார்புரேட்டருக்குப் பின்னால் சட்டென்று வளைந்து
காணாமல் போனது.

அங்கே ஒரு திறந்த முனை,
எந்தக் குழாயின் கணக்கிலும் வராதது.
கட்டைவிரலை வைத்தேன்.
எஞ்சின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

கேட்டருகே எப்சிபா டீச்சர்:
“சரியாயிட்டா தம்பி?”

“ஆயிட்டு டீச்சர்.
என் கையையும் சேத்துக் கொண்டுபோணும்.”