நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து
ஒலிப்பதிவுகள் வந்திருக்கின்றன.
கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும்,
நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பெயர் வந்தால் எண் போடவும்.
ஊர் வந்தால் ‘முகாம் அ’ என்று எழுதவும்.

பதிவில் வடலூர் பஸ் ஹாரன் அடிக்கிறது.
குறிஞ்சிப்பாடியில் என் ஜன்னலிலும் அதே பஸ்.
பதினேழாம் எண் பேசத் தொடங்குமுன்
இருமலிலேயே தெரிந்துவிட்டது,
அம்மா.

‘ஓம்’ என்கிறாள்.
‘ஆம்’ என்று திருத்தச் சொல்லியிருக்கிறார் யமுனா மேடம்,
ஆய்வேட்டை வாசிப்பவர்களுக்கு
விளங்க வேண்டுமாம்.
‘போர்டில மறுவாழ்வு எண்டு எழுதிட்டினம்,
அட்டை மாறேல்ல.
இவளை இஞ்சதான் பெத்தனான்,
கடலூர் பெரியாஸ்பத்திரியில.
இவளுக்கும் அதே அட்டைதான்.’
இவள் என்பது நான்.
எனக்கும் ஓர் எண் உண்டு, இருபத்திரண்டு.
அந்தக் கோப்பை இன்னும் திறக்கவில்லை.

கேள்வி ஒன்பது:
குடியுரிமை என்றால் உங்களுக்கு என்ன?

குக்கர் விசில்.
யாரோ குடத்தை இறக்கி வைக்கிறார்கள்.
வெளியே ஆர்.ஐ. வந்து பெயர் வாசிக்கிறார்,
லோகேஸ்வரி, தவச்செல்வம், கிருபாகரன்...
இவர்களுக்கும் எண் போட வேண்டுமா, தெரியவில்லை.
என் பெயரும் வருகிறது.
‘இருக்கேன் சார்’ என்று
தூரத்தில் கத்துகிறேன் நான்.
அம்மா வாய் திறக்கவேயில்லை.

பதில் வராத இடத்தில்
அடைப்புக்குறிக்குள் ‘மௌனம்’ என்று அடிப்பது முறை.
ஒரு நிமிடம் நாற்பது வினாடி.
இருபது ரூபாய்.

அடித்தேன்.
அழித்தேன்.
கணக்கில் மட்டும்
சேர்த்துக்கொண்டேன்.