ஒண்ணும் கடிக்கல

காலை ஐந்தே கால்.
லால்பேட்டை மதகில் நிற்கும் ஜியாவுதீனைக் கூப்பிடுகிறேன்.
"தண்ணி எப்படி?"
"ஒரே கலங்கல். வாடை வேற. ஒண்ணும் கடிக்கல, மாப்ள."
பின்னால் ஏதோ ஒரு வால்
பிளாஸ்டிக் வாளியை அறைகிற சத்தம்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை.
சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கீழே
முழங்கால் தண்ணீரில் நின்றபடி
"கடையில இருக்கேன், பஞ்சர் ஒண்ணு" என்பேன்.
வெள்ளாறு கேட்டுக்கொண்டே
பாறை இடுக்கில் போய்க்கொண்டிருக்கும்.

பதினோரு வருஷமாக இப்படித்தான்.
எறும்புமுட்டை பிசைந்த மைதாவுக்குக்
கெண்டைகள் வரிசையில் நிற்கிற நாளில்
மண்புழுவைக்கூடத் திரும்பிப் பார்க்கலே என்போம்.
விரால் குஞ்சுகள் சிவப்பாய்க் கொப்பளித்து
அடியில் தாய் காவல் இருக்கும் இடத்தைப்
பெண்டாட்டிக்கும் சொல்வதில்லை.

அஞ்சலாட்சிக்கு மட்டும் எல்லாம் தெரியும்.
இரண்டு பேரிடமும் மீன் வாங்குகிறவள்.
கரைமேட்டில் தராசைத் தூக்கிப் பிடித்து
"ஒண்ணும் கடிக்காத மீனு
ஒண்ணேமுக்கா கிலோ" என்பாள்.

இந்த வைகாசியில் ஒரு நாள்
அவனே கூப்பிட்டான், ஐந்துக்கும் முன்னால்.
"வாடா. கையாலேயே அள்ளலாம்."

சிரித்தேன்.
அள்ளலாம் என்று அவன் சொன்னால்
அங்கே நத்தைகூட இல்லை என்று அர்த்தம்.
மத்தியானம்வரை டியூப் ஒட்டினேன்.
பிறகு மனசு கேட்கவில்லை.

அளவுக்கல் அடிவரை காய்ந்து நின்றது.
வீராணம் அந்தப் பக்கம்
நாலைந்து குட்டைகளாகச் சுருங்கிவிட்டது.
காலை வைத்தால் வெந்நீர்.
தண்ணீர் முழுக்க வாய்கள்,
திறந்து மூடி, திறந்து மூடி.
கெளுத்திமேல் ஜிலேபி, ஜிலேபிமேல் குறவை.
கொக்குகளுக்கே அலுத்துவிட்டிருந்தது.
பையன்கள் கொசுவலையால் வாரிக்கொண்டிருந்தார்கள்.
"கிலோ இருபதுன்னாலும் ஆளில்ல"
என்று அஞ்சலாட்சி தராசைச் சுருட்டிவிட்டாள்.

ஜியாவுதீன் கரையில் உட்கார்ந்திருந்தான்.
தூண்டில் உறையைவிட்டு வரவே இல்லை.
"நெசத்தைத்தானடா சொன்னேன்."
அவன் உண்மை சொல்லி
நான் கேட்டது அன்றைக்குத்தான்.
எனக்கு அது பிடிக்கவில்லை.

சாயங்காலம் உயிருள்ள விரால் இரண்டை
ஈரச்சாக்கில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைத்தான்.
எங்கே கொண்டுபோய் விடப்போகிறான் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் தப்பாகத்தான் சொல்லியிருப்பான்.

ஆடிக் கடைசியில் கீழணையைத் திறந்தார்கள்.
வடவாறு செம்மண்ணாய் வந்தது,
நுரையையும் ஒற்றைச் செருப்புகளையும் தள்ளிக்கொண்டு.
ஆகாயத்தாமரை தீவு தீவாக நகர்ந்து
மதகுப் பலகையில் அடைந்தது.
புதுத்தண்ணிக்கு மீன் எதிரேறும் வாடை
கடைவீதிவரைக்கும் அடித்த மாதிரி எனக்கு இருந்தது.
வேறு யாருக்கும் அடிக்கவில்லையாம்.

மறுநாள் ஐந்தே கால்.
"தண்ணி எப்படி?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
காற்று மட்டும் போனுக்குள் கேட்டது.
"ரொம்ப மோசம், மாப்ள. நீ வராதே."

கட்டிய லுங்கியோடு வண்டியை உதைத்தேன்.
வீட்டில் மைதா இருந்தது.
எறும்புமுட்டைதான் இல்லை,
போகிற வழியில் மாமரம் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்.