மதிப்பீட்டுக் குறிப்பு: குக்ரி, இரண்டு

அயனாவரம் கூட்டுறவு வங்கியின் பக்கவாட்டு அறையில்
வளையல் உரசிப் பழகிய கல் என்னுடையது.
இரும்பு என் துறையில்லை.

ஐப்பசி மழை. ஜவுளிக்கடைக் கட்டைப்பையிலிருந்து எடுத்து
துண்டு விரித்து வைத்தார்கள்
லாரன்ஸ் பொன்னையாவும் தங்கை ஷீலா ரூத்தும்.
அப்பா பரங்கிமலையில் பயிற்சி கொடுத்தவர்.
கூர்க்காப் பட்டாளம் ஒன்று விடைகொடுத்தபோது ஒன்று,
வேறொன்று கொடுத்தபோது இன்னொன்று.
"ஆளுக்கு ஒண்ணு. எது எவ்வளவு பெறும்னு
எழுதிக் குடுத்தாப் போதும் சார்."

முதலாவது கனம். உறை முழுக்க வெள்ளி,
உரசினேன், நல்ல வெள்ளி, அதில் பொய் இல்லை.
இரண்டு மயில், நடுவே ஒரு கோயில்.
கண்ணாடி வைத்தால்
இரண்டு மயிலுக்கும் இடது இறகில்
ஒரே இடத்தில் ஒரே சொட்டை.
அச்சில் வார்த்தது.
மூலையில் பற்று வழிந்து காய்ந்திருக்கிறது,
அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தவன் உதடுபோல.
கத்தி கேட்டதும் வெளியே வந்தது.
நகத்தால் சுண்டினேன். தகர டப்பா.
கைப்பிடியருகே அந்தச் சிறு பள்ளம்,
ரத்தம் கைக்கு வராதிருக்க என்பார்கள்,
பசுவின் குளம்பு என்பார்கள்,
இதில் அரத்தால் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது இலேசு. வெள்ளி பாதிகூட இல்லை,
மீதி பச்சை வெல்வெட், ஓரம் நைந்தது.
மேஜரின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய்
மேலே பொடியாகச் சேர்த்திருக்கிறார்கள்.
நைந்த இடத்தில் தகடு தூக்கியிருந்தது.
விரல் நுனியை உள்ளே விட்டேன்.
வெளியே புடைத்த கொடி அங்கே குழிந்து ஓடிற்று.
தட்டினவன் ஓர் இலையில் தடுமாறி
அடுத்த இலையை அதற்கேற்பச் சாய்த்திருந்தான்.

பின்னால் செருகிய குட்டிக் கத்திகளில் ஒன்று
முனை தேய்ந்து, கோந்துக் கறையோடு.
"அப்பா லெட்டர் பிரிக்கிறது அதாலதான்" என்றாள் ஷீலா.

பெரியது வரவில்லை.
நான் இழுத்தேன். லாரன்ஸ் இழுத்தார்.
முழங்காலில் இடுக்கப் போனவரைத் தடுத்தேன்.
"துருப்புடிச்சு ஒட்டிக்கிச்சு சார். வேஸ்ட்."

காதருகே வைத்து ஆட்டினேன். சத்தமே இல்லை.
மயிரிழை இடம் விடாமல் குடைந்த மரம்,
மலைக்காற்றில் அளவெடுத்தது,
நம்மூர் ஈரத்தைக் குடித்து இறுகியிருக்கிறது.
மோசமான வேலையென்றால் எப்போதோ வந்திருக்கும்.

சொல்லி முடிப்பதற்குள்
முதலாவது துண்டில் சுற்றப்பட்டுவிட்டது.
வெள்ளி விலைக்கு எழுதினேன்.
கூட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

இரண்டாவதற்கு
எடை: உறையோடு.
நீளம்: உறையோடு.
கத்தியின் தரம்: பார்க்கவில்லை.
தொகைக் கட்டத்தில் பேனா நின்றது.

"கத்திரி வெயில்ல கொண்டாங்கம்மா.
தானா வரும்."

அவள் கட்டைப்பையில் நிறுத்தி
மேலே ஈரக் குடையை வைக்கப் போய்,
வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டாள்.
படியிறங்கும் ஓசையோடு
அண்ணன் கையிடுக்கில் ஏதோ
தெருமுனை வரைக்கும் லொடலொடத்துப் போயிற்று.